பெண் கொடுத்துப் பெண் எடுத்த சங்கம்

எங்கள் சேவைச் சங்கத்தின் கூட்டம் இரண்டாவது, நான்காவது வியாழக்கிழமைகளில், மதுரை ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் நடக்கும். நிகழ்ச்சி நிரல் மாறியதே இல்லை. தலைவர் மணி அடிப்பார். பிறகு பிரார்த்தனை, வரவேற்புரை, பிறந்தநாள் கண்டவர்களுக்குக் கைதட்டல், டை கட்டாமல் வந்தவர்களுக்கு அபராதம், சிறப்புரை, நன்றியுரை, சாப்பாடு. சிறப்புரையைவிட நன்றியுரைதான் நீளமாக இருக்கும். சிறப்புரையில் யார் பெயர் விட்டுப்போனாலும் யாருக்கும் கோபம் வராது.

நான் சங்கத்து உறுப்பினர் இல்லை. பெண்களைச் சேர்க்கும் வழக்கம் அப்போது கிடையாது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் காயில் சுற்றும் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி முதலாளி சங்கத் தலைவரானார். தலைவரானதும் இளைஞர் பிரிவு ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்குச் செயலாளர் ஒருவர் வேண்டியிருந்தது. போட்டோவில் ஒரு பெண் இருந்தால் நல்லது என்று மேலிடம் வேறு சொல்லியிருந்தது. மூன்று தேவைக்கும் ஒரே ஆளாக நான் அகப்பட்டேன்.

நிதி திரட்டுவது எங்கள் பிரிவின் முதல் வேலை. கண் சிகிச்சை முகாமுக்காக ஒரு தியேட்டரில் பழைய படத்தைக் காலைக்காட்சியாகப் போடுவோம். ஜவுளிக்கடைக்காரர் டாக்டரிடம் டிக்கெட் விற்பார். டாக்டர் அதே அளவு டிக்கெட்டை ஜவுளிக்கடைக்காரரிடம் விற்பார். படத்தைப் பார்ப்பது கடைச் சிப்பந்திகளும் கம்பவுண்டர் குடும்பமும். ஆனால் முகாம் உண்மையாகவே நடக்கும். வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் கண்ணில் பச்சைத் துணியோடு வேனில் திரும்பிப் போவார்கள். கேலி செய்ய எவ்வளவு இருந்தாலும், பார்வை வந்தவர்களுக்குப் பார்வை வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் ‘இளைஞர் பரிமாற்றம்’ என்று ஒரு திட்டம் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் டிசம்பர் கடைசியில் வந்து நான்கு வாரம் தங்குவாள். அவளைத் தங்கவைக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண், வருகிற மே மாதம் அவள் வீட்டுக்குப் போகலாம். அவளுடைய அறையிலேயே இருக்க வேண்டியிருப்பதால் பையன்கள் கூடாது. டிக்கெட் செலவு சங்கத்துடையது.

“பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற மாதிரின்னு வச்சுக்கங்க” என்று தலைவர் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் காரணங்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் வீட்டில் மாமியார் ஆசாரம். ஒருவர் வீட்டில் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஒருவர் வீட்டில் பாத்ரூம் கொல்லையில் இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை, மேஜை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். அப்பா சமயநல்லூர் நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டிக் குடிவந்து, பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அந்தப் புள்ள சோறு திங்குமா?” திங்கும் என்றேன். அதோடு முடிந்தது.

எனக்கு அங்கே போக வேண்டும். காரணங்கள் மூன்று. ஒன்று, விமானத்தில் ஏற வேண்டும். இரண்டு, அந்தப் பெண்ணின் அப்பா ஒரு மோட்டார் தொழிற்சாலையில் இருந்தார்; நாங்கள் கையால் சுற்றும் காயிலை அங்கே மெஷின் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். மூன்று, என் ஜாதகம் அப்போது சொந்தக்காரர்கள் கையில் சுற்றிக்கொண்டிருந்தது. “போய்ட்டு வரட்டும், பெறகு பாத்துக்கிருவோம்” என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்றாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வரிசைப்படுத்தினால் அதுதான் முதலாவது.

ஆயத்தங்களை முறையாகச் செய்தேன். தண்ணீரைக் காய்ச்சி வைக்கத் தனிக் குடம், கொசுவலை, பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள். அவள் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவதாக எழுதியிருந்தாள். அவர்கள் ஊர் மின்சாரம் நம்முடையதில் பாதி வோல்ட்தான் என்பதால், கம்பெனியில் மிச்சமான தகடும் கம்பியும் கேட்டு வாங்கி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் சுற்றி வைத்தேன்.

அவள் வந்து இறங்கிய காலையில் பிளாட்பாரத்தில் மொத்தச் சங்கமும் நின்றது. உயரமாக, வெயில் பட்டுச் சிவந்த மூக்கோடு, மாலைகளுக்கு நடுவில் அவள் கைகூப்பி “வணக்கம்” என்றாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் தலைகீழானது. மாமியாரின் ஆசாரம் போன இடம் தெரியவில்லை. கொல்லைப் பாத்ரூம்காரர், மாடியில் புதிதாக ஒன்று கட்டி முடியப்போகிறது என்றார். தலைவரின் மனைவி, முதல் சாப்பாடு தங்கள் வீட்டில்தான் என்று அவள் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப்போனார்.

கல்யாணம் ஆன புதிதில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து வைப்பார்களே, அதுதான் நடந்தது. மாப்பிள்ளை மட்டும் இல்லை. யார் வீட்டுக்கு முதலில், யார் வீட்டுக்கு அப்புறம் என்பதில் பங்காளிச் சண்டையே வந்தது. விருந்து என்றால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது இல்லை. ராத்தங்க வேண்டும், காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட வேண்டும், புதுச்சேலை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை வராமல் முறை போட்டுக் கொடுக்கும் பொறுப்பைச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் கொடுத்தார்கள். யாருக்கும் குறை இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அவளோடு என் டிரான்ஸ்பார்மரும் வீடு வீடாகப் போனது. டாக்டர் வீட்டில் மட்டும் அதை மறந்துவிட்டு ரிக்கார்டரை நேராகச் சுவரில் செருகிவிட்டார்கள். புகை வந்ததும், அமெரிக்கச் சாமானும் இம்புட்டுத்தானா என்று டாக்டரின் அப்பா கேட்டாராம். உள்ளே கருகிப்போன சுற்றை நான்தான் பிரித்துச் சுற்றிக் கொடுத்தேன்.

இரண்டு விருந்துகளுக்கு இடையில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், பெரும்பாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மா ரசஞ்சோறு பிசைந்து கொடுப்பாள். சாப்பிட்டுவிட்டு அம்மாவின் பழைய நூல்சேலையைப் போர்த்திக்கொண்டு பாயில் தூங்குவாள். எழுந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, ஆனால் பேச்சு நின்றதும் இல்லை. ஒருநாள் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், உங்கள் வீட்டில்தான் என்னை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்று. போட்டோ எடுக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரியில் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த கூட்டத்தில், மே மாதம் யார் போவது என்ற பேச்சு வந்தது. தலைவர் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஜவுளிக்கடைக்காரர் எழுந்தார்.

“அண்ணே, தங்க எடம் குடுக்குறது வேற, விருந்து வைக்கிறது வேற. எடம் லாட்ஜுக்காரனுந்தான் குடுக்குறான். அவன வீட்டுக்காரன்னு சொல்லுவமா?”

“தம்பி, மொதல்ல கேட்டப்ப நீ வாயே தொறக்கலயே” என்றார் தலைவர்.

“அப்ப அந்தப் புள்ள எப்படி என்னன்னு தெரியுமாண்ணே? இப்ப நம்ம வீட்டுப் புள்ளயாயிருச்சுல்ல.”

இதே நியாயத்தை இன்னும் நாலைந்து பேர் வெவ்வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். “சார், நாலு வாரம் வீட்ல வச்சுக்கிறவங்க வீட்டுப் பொண்ணுன்னுதான் சொன்னீங்க. எங்க வீட்ல அதுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க.”

தலைவர் என்னைக் கனிவோடு பார்த்தார். நான் ஒரு மோட்டாரைச் சோதித்துவிட்டுத் தேறாது என்று சொல்லும்போதும் இப்படித்தான் பார்ப்பார். பிறகு அந்த மோட்டார் எப்படியோ விற்பனைக்குப் போய்விடும். “ஒன் பேரையும் சேத்துத்தாம்மா எழுதப்போறோம். சங்கம்னா எல்லாரையும் அனுசரிச்சுத்தான் போகணும்.”

விருந்து வைத்தவர்களின் பெண்கள் பெயரெல்லாம் சீட்டில் ஏறின. மகளை அத்தனை தூரம் அனுப்புவதா வேண்டாமா என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். பெயர் இல்லாமல் போவதுதான் கௌரவக் குறைச்சல். தலைவரின் மனைவி ஒரு எவர்சில்வர் சொம்பைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஜவுளிக்கடைக்காரரின் இளைய மகள் பெயர் வந்தது. அவள் பி.ஏ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில வாரங்களில் கடைப்பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது என் காதுக்கும் வந்தது. விருதுநகரிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, பெண்ணை அனுப்பப்போவதில்லை. ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் நான் கடைக்குப் போனேன். அவர் என்னை மரியாதையாக உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நேராகவே கேட்டேன்.

“ஒங்க பொண்ணு போகலன்னா என் பேரக் குடுக்கலாம்ல சார்?”

“அதெப்படிம்மா? சீட்டு எங்க வீட்டுக்குல்ல விழுந்திருக்கு. வீடு தேடி வந்தத வெளிய தூக்கிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?”

“அப்ப யாருமே போகாமப் போயிரும்.”

“போகாட்டாலும் வந்தது எங்க வீட்டுக்கு வந்ததுதானம்மா” என்றார். கோபமோ கேலியோ இல்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு இது புரியவில்லையே என்ற வருத்தம்தான் அவர் குரலில் இருந்தது. கலர் வந்தது. குடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை.

தலைவரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் ஜவுளிக்கடைக்காரரிடம் பேசுவதாகச் சொன்னார். பேசியும் இருப்பார். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வழியனுப்பு விழா என்று அழைப்பிதழ் அச்சாகி, திருச்சியிலிருந்து மேலிடத்துப் பெரியவர் ஒருவர் வருவதாகவும் ஒத்துக்கொண்டிருந்தார். அனுப்பவில்லை என்பதை ஜவுளிக்கடைக்காரர் விழாவுக்கு முந்தின வாரம்தான் வெளியே சொன்னார். விழாவை நிறுத்தலாமா என்று கேட்டேன். ஹால் சொல்லியாகிவிட்டது, பெரியவருக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

ஆக, எங்கேயும் போகாத ஒரு பெண்ணுக்கு வழியனுப்பு விழா நடந்தது. திருச்சிப் பெரியவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கடல் கடந்து போகும் தமிழ்ப் பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் நெடுநேரம் பேசினார். சங்கத்தின் சார்பில் ஒரு பெரிய சூட்கேஸ் பரிசாகக் கொடுக்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நன்றியுரை என்னுடையது. மேடையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறை வரக் காத்திருந்தேன். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அவள் கேட்டாள்: “அக்கா, இந்தப் பெட்டிய நீங்க வச்சுக்கிறீங்களா?”

“வேணாம். நீயே வச்சுக்க. விருதுநகருக்கு ஆகும்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எனக்குப் போகணும்னுதான் இருந்துச்சுக்கா” என்றாள். எனக்கு அது வரைக்கும் தோன்றாத விஷயம் அது. அவள் அப்பாவிடம் கேட்டேன், தலைவரிடம் கேட்டேன். இவளிடம் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பெயரை அழைத்தார்கள். எழுந்துபோய், திருச்சிப் பெரியவரில் தொடங்கி மைக் செட்காரர் வரை ஒருவர் பெயரும் விடாமல் நன்றி சொன்னேன்.

அமெரிக்கக் குடும்பத்துக்கு எழுத வேண்டியதும் நான்தான். தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த வருடம் யாரும் வர இயலவில்லை என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டேன்.

விழாவுக்கு மறுநாள் காலை அம்மா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். போயிட்டு வரட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த பேச்சு, போகவில்லை என்றானதும் தானாக நகர ஆரம்பித்திருந்தது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, தன் தப்பு போல என் முகத்தைப் பார்த்தார்.

“வரட்டும்ப்பா” என்றேன். “ஆனா கல்யாணத்துக்குப் பெறகும் வேலைக்குப் போவேன்னு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.”

“அதச் சொன்னா வருவாகளா?” என்றாள் அம்மா.

அப்பா வாசற்படியில் இறங்கினார். “ஆபீஸ்ல போன் இருக்கு. மத்தியானம் சொல்லிர்றேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. நான் அன்று தலைக்குக் குளித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.