சிரித்த முகங்களுக்கு நான் கட்டிய மாலை

போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும், ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் பூக்கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் நான் கட்டிய மாலையில் ஒரு பூ உதிர்ந்தது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

என் வாடிக்கைக்காரர்களில் ஒரு சீன அம்மா உண்டு. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு இரண்டு முறை கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான். வெள்ளிக்கிழமை வந்து, "ஆன்ட்டி, நாளைக்கு இருபது சின்ன மாலை வேணும். நல்லதா கட்டுங்க, பிள்ளைங்களுக்கு. நீங்களும் வரணும்" என்றார். தமிழ்நாட்டில் ஒரு மலையூர், கண்காட்சி என்று ஏதேதோ சொன்னார். அந்த ஊர்ப் பிள்ளைகள் விமானம் ஏறி வருகிறார்கள், மாலை போட்டு வரவேற்கப் போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கல்யாணமா, சாமிக்கா, காரியத்துக்கா என்று கேட்காமல் நான் நூலைத் தொடுவதில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நல்ல சேலை உடுத்திக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தே போனேன். பழைய கடைவீடு, மாடியில் கூடம். படியேறும்போதே பிள்ளைகள் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நம் ஆட்கள் இருபது முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுவரைச் சுற்றிலும் பெரிய பெரிய படங்கள், படத்துக்கு ஒரு பிள்ளை, எல்லாம் வாய் நிறையச் சிரிப்பு. ஒவ்வொரு படத்திலும் என் மாலை தொங்கியது.

உயிரோடு இருக்கிற பிள்ளை படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா?

"பஸ்ஸு கவுந்துடுச்சா, என்னான்னு தெரியலியே லா. எல்லாம் பச்சப் பிள்ளைங்க" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஒருவர் ஆசிரியை கையில் ஒரு பண நோட்டை வைத்து அழுத்திவிட்டு, படங்களைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

ஆசிரியை என்னை ஓரமாக இழுத்தார். "என்ன ஆன்ட்டி, எல்லாரும் அழுவுறாங்க? ஒருத்தரும் படம் கேக்கல." அப்போதுதான் விவரம் சொன்னார். அந்த மலையில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க ஜீப்பில் கீழே இறங்க வேண்டும். அந்த ஜீப் ஓடுவதே இவர் எடுத்த படங்களை விற்ற காசில். கூடத்துக்கு வாடகை சாயங்காலம் வரைக்கும்தான். "இன்னைக்கு விக்கலன்னா ஜூன்ல ஜீப் இல்ல. பொம்பளப் பிள்ளைங்களத்தான் முதல்ல நிறுத்துவாங்க."

"மாலை எதுக்குப் போட்டீங்க?"

"உங்க ஆளுங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்கேன். ஹால்ல பெரிய படம், மாலை, பக்கத்துல விளக்கு. ரொம்ப மரியாதையானவங்களுக்குச் செய்யுறதுன்னு நெனச்சேன்."

"அவங்கல்லாம் போய்ச் சேந்தவங்கம்மா" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒரு சமாதானம் சொல்லவில்லை. நேரே கூடத்தின் நடுவில் போய்க் கையைத் தட்டி, இங்கிலீஷில் பேசினார். பக்கத்தில் நின்ற பெண் எனக்குச் சொன்னாள்: "எல்லாப் பிள்ளைங்களும் நல்லா இருக்காங்களாம். தெரியாம செஞ்சுட்டாங்களாம், மன்னிக்கச் சொல்றாங்க."

பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, மாலையை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றும்போதே அந்தப் பிள்ளையின் பேர், வகுப்பு, குணம் எல்லாம் வந்தது. கையில் தாள் இல்லை. பக்கத்துப் பெண் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் கணக்கில் புலி, பல்லியைக் கண்டால் அலறுவாள். இவன் படம் எடுக்க விடாமல் மரத்தில் ஏறிக்கொண்டான், இரண்டு நாள் கீழேயே காத்து நின்றாராம். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். போனோம், படம் பிடித்தோம், வந்தோம் என்று இருக்கிறவர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். அந்த வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகாமல் இவ்வளவு தெரிந்துவிடுமா?

நடுவில் ஒரு பெரியவர், "பூக்கடைக்காரங்களாவது கேட்டிருக்க வேணாமா? வித்தாச் சரி அவங்களுக்கு" என்றார். யாரோ அதை ஆசிரியைக்குச் சொன்னார்கள். "நாந்தான் சரியாச் சொல்லல. அவங்க மேல தப்பு இல்ல" என்றார். கட்டியது நான் என்று தெரிந்துவிடக் கூடாதென்று என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்துப் படம் கழிந்தது. பதினோராவதில் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மாலை கட்டுனது நான்தாங்க. கேக்காம கட்டிட்டேன்."

பெரியவர் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நின்னுகிட்டே இருந்தா எப்படி? பிள்ளைங்களுக்குச் சுத்திப் போடுங்க."

கீழே காப்பிக்கடையில் உப்பு வாங்கிவந்து இருபது படத்துக்கும் சுற்றினேன். ஆசிரியையும் வந்து தலையைக் குனிந்து நின்றார், அவருக்கும் சுற்றிப் போட்டேன். கண்ணைத் துடைத்த பெண்தான் முதலில், "பல்லிக்கு அலறுறவள எனக்குக் குடுங்க" என்றாள். சாயங்காலம் சுவரில் ஆணிகள்தான் மிச்சம்.

ஜூன் மாதம் ஜீப் ஓடியது. பொம்பளப் பிள்ளைகளில் ஒருத்தியும் படிப்பை விட்டு நிற்கவில்லை என்று ஆசிரியை கடைக்கு வந்து சொன்னார். அந்த அம்மா அடுத்த மலைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குத் தன் தப்பைச் சபையில் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்குப் பத்துப் படம் கழிய வேண்டியிருந்தது என்பது மட்டும் இன்னும் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.