மழையில்லாமல் ஏறிய ஆறு

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பாலத்தடியில் இறங்கி, தூணில் அடித்திருந்த அளவுப் பலகையில் ஆற்றின் மட்டத்தைப் பார்ப்பது என் வேலை. பார்த்ததைப் புத்தகத்தில் எழுதி, மாதக் கடைசியில் ஈப்போ நகரத்து நீர்த்துறை அலுவலகத்துக்கு அனுப்புவேன். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களில் இடைநிலைப் பள்ளியை முடித்தவன் என்பதால் எழுபதுகளின் கடைசியில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

மேலே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின் ஆறு எனக்குப் புரியாமல் போயிற்று. சில நாட்களில், காலையில் வெளியே தெரிந்த மணல்திட்டு மாலையில் முழுகிக் கிடந்தது. மழை ஒரு சொட்டு இல்லை. வெள்ளம் வந்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். இது தெளிந்து, சில்லென்று இருந்தது. மின்சாரம் வேண்டிய நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு மற்ற நேரத்தில் அடைக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் புத்தகத்தில் மட்டத்துக்குப் பக்கத்திலேயே மழை அளவையும் எழுத வேண்டும். மழை பூஜ்யம், ஆறு மூன்றடி ஏற்றம் என்று அனுப்பிய முதல் மாதம், சிவப்பு மையில் கேள்விக்குறியோடு புத்தகம் திரும்பி வந்தது. மேலதிகாரி, பலகையைப் பார்க்குமுன் கள்ளுக்கடைக்குப் போனாயா என்று கேட்டுச் சிரித்தார். படித்தவன் என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேனா, அல்லது என் கண்ணையே நம்பவில்லையா? இன்றும் தெரியவில்லை. அதன்பின் காலையில் பார்த்ததற்கு அரையடி கூட்டியோ குறைத்தோ மாலைக் கணக்கை எழுதினேன். கேள்விக்குறி வரவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு அக்கா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டபோது வேலை போயிற்று. மணல்திட்டில் கச்சான் கடலையும் சர்க்கரைவள்ளியும் போட்டார். ஒரே வாரத்தில் நான்கு முறை தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் அரித்துப் போனது. புகார் கொடுத்தார். ஈப்போவிலிருந்து அதிகாரி ஒருவர் என் புத்தகத்தோடு பாலத்துக்கு வந்தார். ஆறு ஏறவே இல்லையே என்று பக்கங்களைப் புரட்டினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழங்கு பிடுங்கியதாக அக்கா தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். இது சரிதானா என்று மலாயில் கேட்டார்.

“பெத்துல், துவான்” என்றேன். சரிதான் ஐயா என்று.

புகாரை அங்கேயே முடித்துவிட்டார். திரும்பி நடக்கும்போது அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

“நீங்க படிச்சவங்க தம்பி, பொய்யா எழுதப் போறீங்க? எனக்குத்தான் நாள் கெழம கொழம்பிப் போச்சு போல லா” என்றார். கொஞ்ச தூரம் போய், “அப்ப மறுபடி போடலாந்தானே? தண்ணி வராதுல்ல?” என்றார்.

“போடுங்கக்கா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். மறுநாள் காலை நான் பலகை பார்க்கப் போனபோது, அவர் அந்தத் திட்டில் குனிந்து பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு, மட்டத்தை எழுதினேன்.