பின்வேலி வழியாக வந்தவர்களெல்லாம் நல்லவர்கள்

நாய்க்கு என்ன தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாம் தெரியும். நாம் சொல்லிக்கொடுப்பதும் தெரியும். சொல்லிக்கொடுக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் சொல்லிக்கொடுப்பது இன்னும் நன்றாகத் தெரியும். காஜா பேராங்கில் எங்களிடம் இருந்த கறுப்பு நாய் இரண்டாவது பாடத்தில்தான் முதல் மார்க் வாங்கியது.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரே கொண்டாடியது. என் வீட்டுக்காரர் கார் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். வேலையும் போயிற்று, பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு விட்டிருந்த அறையும் போயிற்று. நானும் அவரும் என் மாமியாரும் புக்கிட் பாருவில் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு கிடந்தோம். நான் பாத்திரம் விளக்கும் சத்தம்கூட ஓரகத்திக்குப் பொறுக்காது. அந்த நேரத்தில்தான் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், காஜா பேராங்கில் இருந்த தன் பலகை வீட்டை எங்களுக்கு வாடகைக்குத் தர ஒத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் அவருடைய ரம்புத்தான் தோட்டம். வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன், பழம் திருடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். காவலுக்கென்று ஒரு கறுப்பு நாய்க்குட்டியையும் அவரே கொண்டுவந்து விட்டார். பழம் போனால் வீடும் போகும். பேச்சு அவ்வளவுதான்.

எனக்கென்று ஓர் அடுப்பு, எனக்கென்று ஒரு கதவு. கல்யாணமாகி அதுவரை கிடைக்காதது. அதை விடுவேனா?

துரை வீட்டு நாய்களைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு நாய் பழக்கும் வித்தை தெரியும். "ஒரே சொல்லு, ஒரே மாதிரி சொல்லணும். சொன்னத செஞ்சா உடனே திங்கக் கொடு. செய்யலன்னா கொடுக்காத. அவ்ளோதான்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, லாரி ஓட்ட ஆள் கேட்கிறார்களா என்று பார்க்கக் கிளம்பிவிடுவார். பழக்குவது என் தலையில் விழுந்தது. பரவாயில்லை, குட்டி படு சுட்டி. 'உட்கார்' என்றால் உட்காரும். 'இரு' என்றால் நான் துணி காயப்போட்டுவிட்டு வரும்வரை இருக்கும். பின்வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று வேலியை ஆட்டுவேன். குரைத்தால் ரொட்டித் துண்டு. கொஞ்ச நாளில் வேலியில் ஓணான் ஏறினால்கூட ஊரைக் கூட்டியது. தவுக்கே ஒருநாள் வந்து வேலியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனார். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

பிறகு சனி வந்தது.

மகனுக்கு வேலை போனதிலிருந்து மாமியாருக்கு ஏழரைச் சனி நினைப்புதான். கோயில் பண்டாரம் அவரிடம், சனிக்கிழமைதோறும் கறுப்பு நாய்க்கு எள்ளுச் சோறு போட்டால் சனீஸ்வரனின் உக்கிரம் தணியும் என்று சொல்லிவிட்டார். போடட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் மாமியார் அதோடு விடவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லாத கறுப்பு நாய் இருக்கிறது என்று கோயிலில் வருகிற போகிற பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

வந்தார்கள். மகளுக்கு வரன் அமையாதவர் வந்தார், புருஷன் குடிக்கிறவர் வந்தார். பக்கத்துச் செட்டி வீட்டு அம்மா தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கிறவர், தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். சனீஸ்வரன் எல்லாருக்கும் பொதுதானே, அவரும் வந்தார். ஆனால் தனக்குச் சனி நடக்கிறது என்று யார் ஊருக்குச் சொல்லிக்கொள்வார்கள்? ரோட்டைப் பார்த்த முன்வாசல் வழியாக ஒருவரும் வரவில்லை. முந்தானைக்குள் தட்டை மறைத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல், பின்வேலி இடுக்கு வழியாகத்தான் நுழைந்தார்கள். நாய் முதலில் குரைக்கத்தான் செய்தது. "ச்சூ, சும்மா கெட" என்று மாமியார் அதட்டுவார். அது வாயை மூடியதும் எள்ளுச் சோறு விழும். நான் ரொட்டித் துண்டு போட்டுக் கற்பித்ததை அவர்கள் நல்லெண்ணெய் மணக்க மணக்க அழித்தார்கள்.

அது என்ன மக்கு நாயா? கணக்குப் போட்டுவிட்டது. முன்வாசலில் செருப்புச் சத்தத்தோடு வெறுங்கையாக வருகிறவர்கள் உதவாதவர்கள். தபால்காரரையும் தவுக்கேயையும் பார்த்துக் குரைத்துத் தள்ளியது. வேலி வழியாகப் பதுங்கி, கையில் எதையோ வைத்துக்கொண்டு வருகிறவர்கள் தெய்வங்கள்.

பழம் சிவக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். மரத்தின் மேல் யாரோ ஒருவன், தோளில் சாக்கு. கீழே எங்கள் நாய் அழகாக உட்கார்ந்து அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் கத்தியதில் அவன் குதித்து ஓடினான். போகிறவனைப் பார்த்து வாலாட்டியதே தவிர அது ஒரு சத்தம் போடவில்லை. மறுநாள் தவுக்கே வந்து மொட்டையாக நின்ற கிளைகளைப் பார்த்தார். இன்னொரு தடவை பழம் போனால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு நான் பட்டது நாய் படாத பாடு. முன்வாசல் வழியாக வாருங்கள் என்று அந்தப் பெண்களிடம் கெஞ்சினேன். "ஐயோ, நாலு பேரு பாப்பாங்கம்மா" என்றார்கள். வேலி இடுக்கைக் கம்பி வைத்து அடைத்தேன், மாமியார் பிரித்தார். சனிக்கிழமை நாயைக் கட்டிப்போட்டேன், அவிழ்த்துவிட்டார்.

"அத்தை, இது காவல் நாய். இப்படியே போனா வீடு போயிடும்."

"வீடு போனா வேற வீடு. எம் மகனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேற மகன் கெடப்பானா?"

என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "அம்மா மனசு கோணாம நீயே பாத்துக்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். கடைசியில் நானே அவருடைய கைலியைத் தலையில் சுற்றி, சாக்கைத் தூக்கிக்கொண்டு வேலி வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்து பார்த்தேன், குரைத்தால் ரொட்டி கொடுக்கலாமென்று. நாய் வந்து சாக்கை முகர்ந்தது, உட்கார்ந்தது. செட்டி வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போனதுதான் மிச்சம்.

தவுக்கே சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை அவரே சோதித்துப் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சாக்கோடு, பின்வேலி வழியாக. நான் சமையல்கட்டு ஜன்னலில் பார்த்துவிட்டேன். குரைடா, ஒரே ஒரு தடவை குரைத்துத் தொலைடா என்று வேண்டிக்கொண்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டே எதிர்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. அதுகூடப் போகட்டும். மாமியார் அம்மியடியில் குனிந்து எள் அரைத்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூடத் தூக்காமல், "வாங்க வாங்க, பயப்படாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது" என்றார்.

தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது. குரலில் இருந்த உபசரிப்பு புரிந்துவிட்டது.

மாதக் கடைசியில் காலிசெய்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னார். கோபப்படக்கூட இல்லை. நாய் இங்கேயே இருக்கட்டும் என்றார். கெட்டிக்கார நாய், வேறு ஆள் குடிவந்தால் ஒரு மாதத்தில் திருத்திவிடலாம் என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எங்களுக்குப் போக இடமில்லை. நாய்க்கு ஒரு மாதம் தருகிறீர்களே தவுக்கே, எங்களுக்கும் அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள், எல்லாவற்றையும் நான் திருத்திக்காட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன்.

அவர் யோசித்தார். இரங்கிவிடுவார் போலத்தான் இருந்தது. அப்போது மாமியார் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, நாய்க்கு முன்னால் குந்தி, "வாயில்லா ஜீவன், அது என்னா செய்யும்" என்றபடி எள்ளுச் சோற்றை உருட்டிப் போட ஆரம்பித்தார்.

தவுக்கே அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்களையுமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடு நின்றிருக்கும்.