ஐந்து நிமிடம் போதும்

மைக்ரோவேவ் அடுப்பு ரிப்பேர் செய்யும் அவளை அந்தத் தெருவில் எல்லோரும் ஸ்பார்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத் தொழில். கோபம் வந்தால் கையில் இருக்கும் ஸ்குரூ டிரைவர் பறக்கும். அந்த வாரம் முழுக்க அது தரையில்தான் கிடந்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரே ஒரு வரி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு ரிப்பேர் களஞ்சியம். ஆறு வருடத்துக்கு முன்னால் அதில் இவளே ஆசை ஆசையாக எழுதிய வரி அது: "பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டால் போதும், உள்ளே கை வைக்கலாம்." அன்றைக்கு அப்படித்தான் நம்பினாள். அடுப்புக்குள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், ஆளையே கொல்லும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை மெல்ல வடிய விடக் கூடவே ஒரு சின்ன உருப்படி உண்டு. போன மாதம் ஒரு அடுப்பில் அந்த உருப்படி கருகிப் போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்துக் கெப்பாசிட்டரில் ஸ்குரூ டிரைவரை வைத்தாள். வெடித்தது பாருங்கள்! வெறுங்கையை வைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

உடனே போய் வரியைத் திருத்தினாள். பத்தே நிமிடத்தில் பழைய வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கத்தைக் காவல் காக்கும் மகராசன் ஒருவன், முகமும் கிடையாது பெயரும் கிடையாது, "ஆதாரம்?" என்று கேட்டிருந்தான். நான் மெக்கானிக் என்றாள். சொந்த அனுபவம் செல்லாது என்றான். கம்பெனிக் கையேட்டைப் படம் பிடித்துப் போட்டாள். அது ஒரு மாடலுக்கு மட்டும்தானே என்றான். சரி ராசா, உன் ஐந்து நிமிடத்துக்கு ஆதாரம் எது? ஏதோ ஒரு ஞாயிறு இதழின் வீட்டுக் குறிப்பாம். திறந்து பார்த்தால், இவள் எழுதிய அதே வரி, ஒரு எழுத்து மாறாமல் அச்சாகியிருந்தது! இவளைப் பார்த்து அவர்கள் எழுத, அவர்களைக் காட்டி இவன் இவளை மடக்குகிறான். வயிறு எரியுமா எரியாதா?

"அதை எழுதினதே நான்தான்" என்றாள். நிரூபியுங்கள் என்றான். பழைய கணக்கின் கடவுச்சொல் எந்தக் காலத்திலோ மறந்து போயிருந்தது. நாலாவது முறை திருத்தியபோது இவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கை புருஷன் போன் செய்தார்.

"அக்கா, நம்ம அடுப்பு சூடே ஆகல. நீங்க அலைய வேணாம், நானே கழட்டிட்டேன். ஃபியூஸ்தான் போயிருக்கும்."

"ஐயோ மாப்பிள்ளை, தொடாதீங்க!"

"அட, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆச்சுக்கா. அஞ்சே போதும்னு நெட்ல போட்டிருக்கான்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். சமையல் மேடையில் மூடி கழற்றிய அடுப்பு. தங்கை குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய விரல் கெப்பாசிட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் கேள்வி கேட்பதற்குள் ஸ்குரூ டிரைவரைக் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்தாள்.

படீர்! அறை முழுக்கக் கருகல் நாற்றம். டார்ச் தங்கை கையிலிருந்து கீழே விழுந்து உருண்டது.

அவர் தன் விரலையே பார்த்தார். "எந்தப் படுபாவிக்கா இப்படி எழுதி வெச்சிருக்கான்?"

"நான்தான்."

தங்கைதான் கத்தினாள். "அப்ப அதை அழிச்சுத் தொலையேன்க்கா!"

"விட மாட்டேங்கறாங்கடி."