எஸ்தர் டீச்சர் தேடிய முதல் தாள்

மார்க்கெட்டில் வாழை இலைக் கட்டைக் கத்தியால் அறுத்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் வகுப்பில் என்னோடு படிக்கும் பாத்திமா போனில் பேசினார். "டீச்சர் மவுத்தாயிட்டாவ அண்ணாச்சி. நெஞ்சுவலியாம்." ஊரையே கிண்டல் செய்கிற எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். "காலங்காத்தால எங்கிட்டயே கேலியா?" என்றேன். "இதுல போயி விளையாடுவாவளா?" என்று அவர் அழுதார். கத்தியைக் கீழே வைத்தேன்.

எஸ்தர் டீச்சரை அறிந்தவர்களுக்கு அந்த அறையும் தெரியும். பாளையங்கோட்டையில், கோயிலை ஒட்டி, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் சாயங்கால வகுப்பு. நாங்கள் பதினோரு பேர். எல்லோரும் டீச்சரைவிட மூத்தவர்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன்.

ஆளுக்கொரு ஃபைல் கொடுத்தார். எழுதியதெல்லாம் அதற்குள் போக வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தாளின் அடியில் எது வந்தது, எது வரவில்லை என்று நாமே எழுத வேண்டும். எழுத வராத நாளில் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் முதல் தாளிலிருந்து எல்லோர் முன்னிலும் புரட்டிக் காட்ட வேண்டும்.

"தப்பைப் போயி பத்திரப்படுத்துதீயளே டீச்சர், அது என்ன பத்தமடைப் பாயா?" என்று கேட்டேன்.

"நான் எப்படிச் சொல்லிக்குடுத்தேன்னு எனக்கு அதுலதான் அண்ணாச்சி தெரியும்" என்றார். தமக்கும் ஒரு பச்சை ஃபைல் வைத்திருந்தார்.

என் முதல் தாளில் என் பெயரும் என் ஊர் சீவலப்பேரியும் கோழி கிண்டிய குப்பையாகக் கிடந்தன. அத்தனை பேரையும் கேலி செய்த வாய் எனக்கு. அதை அவர்கள் பார்ப்பதா? முதல் மாதக் கடைசிக்கு முன்னால் ஒருநாள் தாளை உருவி மடியில் செருகிக்கொண்டேன்.

டீச்சர் பீரோவைத் தேடினார். மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். "எலி தின்னுருக்கும் டீச்சர், என் எழுத்து அம்புட்டு ருசி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் தேடினார். அதன் பிறகு எங்களை யார் முன்னிலும் தாளைக் காட்டச் சொல்லவேயில்லை. அவருக்கே அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் தங்கை அதே அறையில் எங்கள் ஃபைல்களைத் திருப்பித் தந்தார். பச்சை ஃபைலையும் மேசையில் வைத்து, "அக்கா உங்களப் பத்தித்தான் எழுதிருக்கா, பாருங்க" என்றார். என் பெயர் இருந்த பக்கத்தை விரல் வைத்துப் படித்தேன்.

"அண்ணாச்சியின் முதல் தாளைக் காணவில்லை. எல்லோர் முன்னிலும் காட்டச் சொல்லி வெட்கப்படுத்திவிட்டேனோ? இனி யாரையும் அப்படிக் கேட்கக் கூடாது."

அதற்குக் கீழே மாதத்துக்கு ஒரு வரி, வேறு வேறு மையில்: "இன்னும் கிடைக்கவில்லை." கடைசி வரி போன மாதத்தது.

இப்போது சாயங்காலம் அந்த வழியாகப் போனால், பூட்டிய அறைக்குள் பீரோ திறக்கும் சத்தம் கேட்கிறது. சைக்கிளை வேகமாக மிதித்துவிடுகிறேன்.

தாள் இத்தனை நாளும் என் கடைத் தகரப்பெட்டியில்தான் கிடந்தது. நேற்று எடுத்து ஃபைலின் முதலில் வைத்தேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஃபைலும், எது வந்தது, எது வரவில்லை என்று அவர் கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகளும்தான். தாளின் அடியில் பைய எழுதினேன்:

"எழுத்து வந்தது. நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தாள் கிடைத்துவிட்டது டீச்சர், தேட வேண்டாம்."