மூடாத கம்பெனியின் மறுப்பு

எங்கள் கம்பெனி மூடப்பட்ட செய்தியைக் கம்பெனிக்குள் உட்கார்ந்துதான் படித்தேன். காலையில் கேன்டீனில் பொங்கலும் வடையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, செக்யூரிட்டி அண்ணன் பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். 'ஒரகடம் அருகே தொழிற்சாலை திடீர் மூடல்' என்று தலைப்பு. கீழே எங்கள் கேட்டின் படம். பெரிய பூட்டு, சங்கிலி, வாடிய வாழைமரம்.

"மேடம், அப்போ நமக்கு இன்னைக்கு வேல கெடையாதா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த வடையைத் தட்டிலேயே போட்டேன்.

நடந்தது இதுதான். ஆயுதபூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டு, விஜயதசமிக்கும் சேர்த்து லீவு விட்டிருந்தோம். சர்ச்சுக்குப் போகிற நான்தான் வருஷா வருஷம் பொரிக்கும் பூசணிக்காய்க்கும் ஆர்டர் கொடுப்பவள். எச்.ஆர். வேலை என்றால் அப்படித்தான். லீவுதானே என்று பெயர்ப்பலகையையும் கழற்றி, பெயின்ட் அடிக்கச் சுங்குவார்சத்திரத்துக்கு அனுப்பியிருந்தோம். அந்த வழியாக பைக்கில் போன நிருபர் பூட்டைப் பார்த்திருக்கிறார், போர்டு இல்லாததைப் பார்த்திருக்கிறார், ரோட்டில் சிதறிக் கிடந்த பூசணிக்காயையும் பார்த்திருக்கிறார். மூன்றையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டார். கேட்டருகே நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், செக்யூரிட்டி அண்ணன் கை நிறையப் பொரி கொடுத்து உண்மையையும் சொல்லி அனுப்பியிருப்பார்.

அதோடு நிற்கவில்லை. நாங்கள் செய்வது கார் கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை. பேப்பரில் டயர் என்று போட்டிருந்தது. தொழிலாளர்கள் கண்ணீருடன் வெளியேறினார்களாம். அன்று கண்ணீர் விட்டது, பூசணிக்காயில் வைத்த சூடத்தின் புகை பட்ட எங்கள் பிளான்ட் ஹெட் மட்டும்தான்.

உடனே உட்கார்ந்து மறுப்பு எழுதினேன். என் வாய்க்கு ஏற்ற மறுப்பு. பிளான்ட் ஹெட் படித்துவிட்டு, "நல்லாதாம்மா இருக்கு, ஆனா இது சண்டை" என்றார். அது சென்னையில் இருக்கும் ஹெட் ஆபீஸுக்குப் போய்த் திரும்பி வந்தபோது அதில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. 'மேற்படி செய்தி உண்மைக்குப் புறம்பானது' என்று ஆரம்பித்து 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று முடிந்தது. நிருபரிடம் பேசினேன். தப்பு நடந்துவிட்டதாக ஒத்துக்கொண்டார். "எடம் இருந்தா நாளைக்கே போட்டுடறோம் மேடம்" என்றார். நாளை போனது, மறுநாளும் போனது. எங்களை மூடுவதற்கு இருந்த இடம் திறப்பதற்கு இல்லை.

எனக்கு அது வெறும் எரிச்சல். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது, தரம் பார்க்கும் மேசையில் வேலை செய்யும் ஒரு பெண் மதிய இடைவேளையில் என் முன்னால் வந்து நின்றபோதுதான். வல்லம் வடகால் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். வந்தவாசிப் பக்கம் கிராமம். அவள் அப்பா ரொம்ப யோசித்து, அரை மனதோடு வேலைக்கு அனுப்பியிருந்தார். டீக்கடையில் கிடந்த அந்தப் பழைய பேப்பரைப் படித்துவிட்டு அன்று காலையில் போன் செய்திருக்கிறார்.

"கம்பெனி மூடிட்டான்னு பேப்பர்ல போட்டுக்கீறான், நீ டெய்லி எங்கே போய்க்கினு கீறேன்னு கேக்கறாரு மேடம்" என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வர்றாராம். துணியெல்லாம் எடுத்து வைன்னுட்டாரு."

ஊழியர்களுக்கும் நாங்கள் அனுப்பியிருந்த மறுப்பைக் காட்டவில்லையா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாம். 'மூடலன்னு கம்பெனியே சொல்றான்னா மூடப்போறான்னு அர்த்தம்' என்றாராம். பேப்பரில் போட்டது பொய்யாக இருக்குமா என்பதுதான் அவர் கேள்வி. வேலை செய்வதை வீடியோ காலில் காட்டலாம் என்றால், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். அந்த விதியைப் போட்டவளும் நான்தான். பெற்ற அப்பாவிடமே அவளை ஒரு பூட்டின் படம் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

நேரே பிளான்ட் ஹெட் அறைக்குப் போனேன். "சார், எழுதினது போதும். இனிமே காட்டணும். அந்த நிருபரையும் கூப்பிடணும், இந்தப் பொண்ணோட அப்பாவையும் கூப்பிடணும்" என்றேன். வெளியாட்களை உள்ளே விட முடியாதே என்று இழுத்தார். "கஸ்டமர் வந்தா பூச்செண்டு குடுத்து உள்ளே விடறோமே சார்?" என்றேன். சிரித்துவிட்டார். "சரி, பாஸ் போடும்மா" என்றார். அவள் அப்பாவுக்கு நானே போன் செய்து, ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வேலை நடக்கும்போது வாருங்கள் என்றேன்.

வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில் காலியான பெரிய பை. மகளின் துணிமணிகளை அள்ளிக்கொண்டு போக எடுத்து வந்தது அது.

பார்வையாளர்களுக்கு எங்கள் விதிப்படி வெள்ளை ஹெல்மெட், கனமான பாதுகாப்பு ஷூ. வேட்டிக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைச் சரிசெய்து அவர் நிமிர்ந்தபோது, தோரணையில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். நாங்கள் அழைத்திருந்த நிருபர் அவர் பக்கத்தில் தலை குனிந்துகொண்டே நடந்தார். "நீதான் எழுதுனியாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார் இவர். நிருபருக்கு வியர்த்துவிட்டது.

மெஷின் சத்தத்தில் கொஞ்சம் மிரண்டார். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே என் பின்னால் நடந்து வந்தார். மகள் விளக்கு வெளிச்சத்தில் ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்ததைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. ஒரு பட்டையில் சிவப்புச் சீட்டைக் கட்டித் தள்ளி வைத்தாள். பக்கத்தில் நின்ற ஆள் மறுபேச்சில்லாமல் அதை எடுத்துக்கொண்டு போனார்.

"யாரும்மா அவரு?"

"அவர்தான் சூப்பர்வைசர், ஐயா."

"எம்பொண்ணு வேணாம்னா கேட்டுக்கறாரா?"

"கேட்டுத்தான் ஆகணும்."

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "வூட்ல இவ பேச்ச ஒருத்தரும் கேக்கறதில்லையே!" என்றார். அந்தச் சத்தத்திலும் மகளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கேன்டீனில் சாப்பிட்டார், இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். பிறகு புது பெயின்ட் அடித்து வந்த பெயர்ப்பலகைக்குக் கீழே எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது காலிப் பையை மகளிடமே கொடுத்தார். "பொங்கலுக்கு வரப்போ துணி எடுத்தார ஆவும், வச்சுக்கோ" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை.

திங்கட்கிழமை மறுப்பு வந்தது. மூடிய செய்தியைவிடப் பெரிதாக, படத்தோடு. 'தொழிற்சாலை வழக்கம்போல் இயங்குகிறது'. படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். 'ஊழியர்களுடன் நிர்வாக இயக்குநர் (நடுவில்).' நடுவில் நின்றவர் அவள் அப்பா. பக்கத்தில் ஊழியராக நின்றவர் பிளான்ட் ஹெட். செய்தியில் நாங்கள் இன்னும் டயர்தான் செய்துகொண்டிருந்தோம்.

சென்னை ஆபீஸ் குதித்தது. மறுப்புக்கு உடனே ஒரு மறுப்பு அனுப்பச் சொன்னார்கள். 'மேற்படி படத்தில்' என்று ஆரம்பித்தபோதே என் போன் அடித்தது. வந்தவாசியிலிருந்து.

"பேப்பர் பாத்தீங்களாம்மா? டீக்கடைல ஊரே கூடிக்கினு கீது!"

"பார்த்தேன் ஐயா. உங்களைத் தப்பா போட்டுட்டாங்க. திருத்தச் சொல்லி எழுதிக்கிட்டிருக்கேன்."

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா? நம்ம கம்பெனி ஓடுதுன்னு சரியா போட்டுக்கீறான் இல்ல? அது போதும்."

நம்ம கம்பெனி என்றார். பூட்டைப் பார்த்து மகளை அழைத்துப்போக வந்த மனிதர்.

பிளான்ட் ஹெட்டிடம் சொன்னேன். படத்தில் தன்னைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எம்.டி.யே வேண்டாம்னு சொல்லிட்டாரு, ஊழியன் நான் என்ன பண்றது? சென்னைக்கு நான் பேசிக்கறேன், விடும்மா" என்றார். அந்த மறுப்பை அப்படியே அழித்தேன்.

பொங்கல் சமயத்தில் அந்தப் பெண்ணின் லீவு விண்ணப்பம் வந்தது. வேலை நெருக்கடி, யாருக்கும் கூடுதல் லீவு தருவதாக இல்லை. காரணம் என்ற இடத்தில் 'எம்.டி. உத்தரவு' என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.