ஏடனுக்கு ஒரு வாளி

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் உயிர். ரங்கூன் போட்டாதாங் கப்பல் துறையில் சரக்கு இறக்கும் வேலையை மேற்பார்த்துவிட்டு வந்ததும், தொட்டியில் இருப்பதையெல்லாம் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார். எருமைகூட இவரைப் பார்த்தால் வெட்கப்படும்.

ஆனால் அந்த ரங்கூன் மழை இருக்கிறதே, சனியன்! வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. தலையணையெல்லாம் பூஞ்சை. எங்கள் மூன்று வயது மகளுக்கு மழையோடு இழுப்பும் தொடங்கிவிடும். ஈரமில்லாத ஊருக்குக் கொண்டுபோனால் தேறுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் பார்த்து, கம்பெனியில் இவருக்கு அரபு நாட்டுத் துறைமுகமான ஏடனுக்கு மாற்றல் தருவதாகச் சொன்னார்கள். இவர்தான் பிடிகொடுக்கவில்லை.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் ஏடனில் பல வருஷம் வியாபாரம் செய்தவர். அண்ணன் முறை வைத்து அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். இவரையும் இழுத்துக்கொண்டு போய் விசாரித்தேன்.

"மழையா? அங்கே மேகமே வழி தவறித்தான் வரும், தங்கச்சி. சுத்திலும் கரிக்கட்டையாட்டம் மலை, ஒரு புல் பூண்டு கிடையாது. கடலோரம் உப்பளம். ஆறுன்னு பேர் இருக்கும், உள்ளே மணல்தான் கிடக்கும். துணியை உதறுறதுக்குள்ள காஞ்சிடும்."

"ஆகா, சொர்க்கம்!" என்றேன்.

"தண்ணிதான் ஒட்டக வண்டியில வரும். அளந்து ஊத்துவாங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "கேட்டியா? சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக்கிட்டு ஒட்டகம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு நிக்கவா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு வாளியில குளிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா ஏடனுக்குக் கப்பல் ஏறணும். முடியலேன்னா ஏடன் பேச்சையே எடுக்கமாட்டேன்" என்றேன்.

சனிக்கிழமை, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, ஒரு வாளித் தண்ணீரோடு பின்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சீயக்காயை அப்பிக்கொண்டார். பாதி உடம்புக்கே வாளி காலி. எரிச்சலில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"ஓரடி நகருங்க, மழை எல்லாத்தையும் கழுவிடும். தோத்துட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று சிரித்தேன்.

அப்போது உள்ளே மகளுக்கு இழுக்க ஆரம்பித்தது. ஓடினேன். தோளில் போட்டு முதுகைத் தடவித் தடவி, மூச்சு சீராக வெகுநேரமாயிற்று. அந்த விசில் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

திரும்பி வந்தால், மனுஷர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் சீயக்காய் காய்ந்து கட்டிதட்டிப் போயிருந்தது. கை நீட்டினால் மழை. ஒரு சொட்டுக்கூட மேலே பட விடவில்லை.

"குளிச்சாச்சுடி" என்றார், கண்ணைத் திறக்காமலே. "கப்பல் என்னிக்கு?"